சாப்பாட்டுக் கிண்ணத்தில் ஒரு பழமொழி: இடைக்கால இஸ்லாமிய உலகின் அன்றாட மண்பாண்டங்கள்

பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரவ் 1047-இல் எகிப்துக்கு வந்து சேர்ந்தார். இன்றைய கெய்ரோவின் பழைய பகுதியாக இருக்கும் ஃபுஸ்தாத் நகரத்துக் கடைத்தெருவைப் பற்றி எழுதும்போது ஒரு சின்ன விஷயத்தைக் குறித்து வைக்கிறார். அங்கே மளிகைக்காரரானாலும் மருந்துச் சரக்கு விற்பவரானாலும், வாங்கிய பொருளைப் போட்டுக்கொள்ளப் பாத்திரத்தையும் கடைக்காரரே கொடுத்துவிடுவாராம். கண்ணாடியோ மண்ணோ காகிதமோ, ஏதோ ஒன்று. வாங்க வருகிறவர் வீட்டிலிருந்து எதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அதே ஊரின் உயர்ந்த ரக மண்பாண்டங்களைப் பார்த்தும் அவர் வியக்கிறார். வெளிப்பக்கம் கையை வைத்தால் உள்ளிருந்து கை தெரிகிற அளவுக்கு மெல்லியவை என்கிறார். கையில் பிடித்துத் திருப்பினால் நிறம் மாறித் தெரிபவை என்றும் சொல்கிறார்.

ஒரே ஊரில் சும்மா கொடுத்துவிடுகிற மண்கலமும் இருக்கிறது, வாயைப் பிளக்க வைக்கிற மண்கலமும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய பரப்பு ஒன்று உண்டு. கடைக்காரர், எழுத்தர், வியாபாரி, கைவினைஞர் எனச் சாதாரண நகரத்து மக்கள் வீட்டில் புழங்கிய கிண்ணம், தட்டு, தண்ணீர்க் கூஜா ஆகியவை அதில் அடக்கம். ஒன்றைக்கூட மொட்டையாக விடாமல் எதையாவது வரைந்தோ கீறியோ எழுதியோ வைத்திருக்கிறார்கள் என்று சொல்லத் தோன்றும். அது மிகை. அலங்காரமே இல்லாத பானைகள்தான் எப்போதும் அதிகம். ஆனாலும் பழைய நகரங்களைத் தோண்டும்போது எளிய வீடுகளில்கூட அலங்கரித்த பாத்திரங்களின் உடைந்த ஓடுகள் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த அலங்காரம் ஏன் அப்படி இருக்கிறது என்பதை முதல் முறையாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இந்தக் கட்டுரை.

முதலில் எல்லையைச் சொல்லிவிடலாம். காலம், ஏறத்தாழ 8-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை. இடம், மேற்கே ஸ்பெயினிலிருந்து கிழக்கே மத்திய ஆசியாவின் சமர்கந்து வரை. இஸ்லாமிய உலகம் என்றால் முஸ்லிம் அரசர்கள் ஆண்ட நிலப்பரப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பாத்திரம் செய்தவர்களும் வாங்கியவர்களும் முஸ்லிம்கள் மட்டும் அல்லர். கிறிஸ்தவர்கள், யூதர்கள், ஸொராஸ்திரியர்கள் எல்லோரும் உண்டு. எகிப்தில் லக்ஸர் அருகே கிடைத்த 11-ஆம் நூற்றாண்டுக் கிண்ணம் ஒன்று இப்போது லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் தூபக்கலசம் ஆட்டும் கிறிஸ்தவப் பாதிரியார் வரையப்பட்டிருக்கிறார். கிண்ணத்தில் 'சஅத்' என்ற கையெழுத்தும் இருக்கிறது. இஸ்லாமியக் கலையில் உருவமே வரைய மாட்டார்கள் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. பள்ளிவாசலுக்குள் அது பெரும்பாலும் சரிதான். சாப்பாட்டுத் தட்டுக்கு வந்தால் முயல், குதிரைவீரன், மயில், மீன், கிண்ணம் ஏந்திய மனிதர் என எல்லாம் இருக்கும்.

மெருகு புரிந்தால் பாதி புரிந்த மாதிரி

அலங்காரத்தைப் பேசுவதற்கு முன் மெருகைப் பற்றிப் பேசியாக வேண்டும். சூளையில் சுட்ட சாதாரண மண் கிண்ணம் முழுக்க நுண்துளைகளாக இருக்கும். எண்ணெயும் குழம்பும் உள்ளே இறங்கிவிடும், கழுவினாலும் வாடை போகாது. இதைத் தடுக்க மண்ணின் மேல் மெல்லிய கண்ணாடிப் படலம் ஒன்றை உருக்கி ஒட்ட வைக்கிறார்கள். அதைத்தான் இங்கே மெருகு என்கிறேன்.

கண்ணாடி என்பது அடிப்படையில் மணல். மணல் தனியாக உருக 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தக் காலத்துச் சூளை எதுவும் அந்தச் சூட்டின் பக்கத்தில்கூடப் போகாது. அதனால் மணலைச் சீக்கிரம் உருக வைக்கிற துணைப்பொருள் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவர்களிடம் இரண்டு வழி இருந்தது. ஒன்று ஈயம், மற்றது உவர் நிலச் செடிகளை எரித்துக் கிடைக்கும் சாம்பல். இந்த இரண்டில் எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறுகிறது.

செம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஈய மெருகில் செம்பு கலந்தால் பச்சை வரும். சாம்பல் மெருகில் அதே செம்பைக் கலந்தால் நீலம் கலந்த பச்சை வரும், அதாவது மயில்கழுத்துக்குப் பக்கத்தில் வருகிற அந்த டர்க்காய்ஸ் நிறம். ஆகவே இரான், ஈராக், சிரியா பக்கத்துப் பாத்திரங்களில் அந்த நீலத்தைப் பார்த்தால், குயவர் செடிச்சாம்பலைத் தொட்டிருக்கிறார் என்று துணிந்து சொல்லலாம்.

ஈய மெருகு குறைந்த சூட்டிலேயே உருகும், மண்ணோடு நன்றாக ஒட்டும், பளபளக்கும். வேலை செய்யச் சுலபம், செலவும் கட்டுப்படி ஆகும். புளிப்பான உணவை வைத்தால் ஈயம் கொஞ்சம் கரைந்து சாப்பாட்டில் சேரும் என்பது வேறு கதை. ஆனால் குயவருக்கு இருந்த பெரிய தலைவலி அது அல்ல. ஈய மெருகு உருகும்போது ஓடும். அதற்குக் கீழே நிறத்தால் கோடு வரைந்திருந்தால் அந்தக் கோடும் சேர்ந்து ஓடிக் கலங்கிவிடும். சாம்பல் மெருகு அவ்வளவு மோசமாகக் கலங்காது. ஆனால் சாதாரணக் களிமண்ணோடு அதற்கு ஒத்துப்போகாது. சூடு ஆறும்போது மண் ஒரு அளவுக்குச் சுருங்க, மெருகு வேறு அளவுக்குச் சுருங்கும். விளைவு, வெடிப்பு விடும், உரிந்து வரும்.

இந்த இரண்டு சிக்கல்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் அந்த 700 ஆண்டு மண்பாண்ட வரலாற்றில் பாதி புரிந்துவிடும். ஒவ்வொரு ஊரும் கண்டுபிடித்த அலங்கார முறை, இந்தச் சிக்கலுக்கு அந்த ஊர்க் குயவர்கள் சொன்ன பதில். ரசனை அப்புறம்தான்.

சிலர் சிக்கலை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். நிறம் ஓடுகிறதா, சரி, ஓடட்டும் என்று பச்சை, மஞ்சள், பழுப்பு நிறங்களைத் தெளித்தும் வழிய விட்டும் விட்டார்கள். கோடு வேண்டுமென்றால் மெருகுக்கு முன்பே ஈர மண்ணில் கூரான குச்சியால் கீறிவிட்டார்கள். நிறம் எங்கே ஓடினாலும் கீறல் ஓடாது அல்லவா? தெளிநிறமும் கீறலும் சேர்ந்த இந்தக் கிண்ணங்கள் இரானிலும் மத்திய ஆசியாவிலும் ஏராளமாகக் கிடைக்கின்றன. விலையும் வேலையும் குறைவான இந்த முறை நூற்றாண்டுகள் தாண்டி நீடித்ததில் வியப்பில்லை.

நிஷாப்பூரின் எழுத்துக் கிண்ணங்கள்

கோடு கலங்கும் சிக்கலுக்கு மிக நேர்த்தியான பதிலைச் சொன்னவர்கள், என் கணக்கில், வடகிழக்கு இரானில் உள்ள நிஷாப்பூர்க்காரர்களும் அவர்களுக்குக் கிழக்கே சமர்கந்துக்காரர்களும்தான். காலம் 10-ஆம் நூற்றாண்டு. அப்போது அந்தப் பகுதியை ஆண்டவர்கள் புகாராவைத் தலைநகராகக் கொண்ட சாமானிய அரசர்கள்.

அவர்கள் செய்தது இதுதான். சிவப்போ மங்கலோ ஆன உள்ளூர் மண்ணில் கிண்ணம் வனைந்து, அதன் மேல் வெள்ளைக் களிமண்ணைக் குழம்பாகக் கரைத்துப் பூசினார்கள். அழுக்கு நிற மண் மறைந்து வெள்ளைப் பரப்பு வந்துவிடும். பிறகு கறுப்பு, செம்பழுப்பு போன்ற நிறப்பொருளை வெறும் சாயமாகத் தீட்டாமல், அதையும் களிக்குழம்போடு கலந்து தீட்டினார்கள். நிறம் களிமண்ணோடு கட்டுண்டு கிடப்பதால் மேலே ஈய மெருகு உருகி ஓடினாலும் கோடு அசையாது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இது கைவந்த பிறகு கத்தியால் வெட்டியது மாதிரி துல்லியமான கோடு போட முடிந்தது. துல்லியமான கோடு போட முடிந்தபோது அவர்கள் வரைந்தது பூ அல்ல, எழுத்து.

வெள்ளைக் கிண்ணம், ஓரத்தைச் சுற்றிக் கூஃபி வகை அரபு எழுத்தில் ஒரே ஒரு வரி, நடுவில் ஒரு புள்ளியோ சிறு சுருளோ, அல்லது ஒன்றுமே இல்லாத வெறுமை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அத்தகைய கிண்ணம் ஒன்றின் குறுக்களவு 45.7 செ.மீ. பலர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடும் அளவு. அதில் எழுதியிருப்பதன் பொருள் ஏறத்தாழ இப்படி வரும்: வேலைக்கு முன் திட்டமிட்டால் பின்னால் வருந்த வேண்டியதில்லை, செழிப்பும் அமைதியும் உண்டாகட்டும்.

பாரிஸில் உள்ள லூவ்ர் அருங்காட்சியகத்தின் தட்டு ஒன்று, கல்வியின் சுவை தொடக்கத்தில் கசப்பு, முடிவில் தேனைவிட இனிப்பு என்கிறது. வள்ளன்மை சொர்க்கத்தில் வாழ்வோரின் குணம் என்று சொல்லும் கிண்ணங்கள் ஒன்றுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. விருந்துக்கு வந்தவர் முன்னால் வைக்கிற பாத்திரத்தில் வள்ளன்மையைப் பற்றி எழுதி வைப்பது, வீட்டுக்காரர் தன்னைத்தானே கொஞ்சம் தட்டிக்கொடுத்துக்கொள்கிற வேலை என்றும் எனக்குத் தோன்றுகிறது. இந்த வரிகளில் குர்ஆன் வசனம் அபூர்வம். உலகியல் அறிவு, நல்வாழ்த்து, விருந்தோம்பல், இவைதான் அதிகம். ஒரு வரி முழுதாக எழுத இடமோ நேரமோ இல்லையென்றால் 'பரகா' என்ற ஒற்றைச் சொல்லை, அதாவது அருள் என்பதைத் திரும்பத் திரும்ப எழுதிவிடுவார்கள்.

இதில் வேடிக்கையான இரண்டு விஷயங்கள் உண்டு. அந்த ஊர் மக்கள் வீட்டில் பேசியது பாரசீகம். எழுதியிருப்பதோ அரபு. பாரசீகம் பாத்திரத்தில் ஏற இன்னும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆயின. இரண்டாவது, இந்த எழுத்தைப் படிப்பது மகா கஷ்டம். எழுத்தின் தண்டுகளை நீட்டி, வளைத்து, முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். அரபு தெரிந்தவரே கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பித்தான் படிக்க வேண்டும். விருந்தில் இது ஒரு விளையாட்டாகவே இருந்திருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கும் அது சரியாகப் படுகிறது. அப்புறம், எழுதத் தெரியாத குயவர்கள் பார்த்துப் பார்த்து எழுதியதில் எழுத்து தேய்ந்து வெறும் கோடும் வளைவுமாக ஆகிவிட்ட கிண்ணங்களும் நிறைய. அவையும் விற்றன. எழுத்து இருந்தாலே போதும், படிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்கவில்லை.

மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகக் குழு 1935 முதல் 1940 வரையும், பிறகு 1947-இலும் நிஷாப்பூரில் அகழாய்வு செய்தது. அங்கே இந்த வெள்ளைக் கிண்ணங்களோடு முற்றிலும் வேறு மாதிரியான இன்னொரு வகையும் கிடைத்தது. மங்கல் நிற மண், அடர்ந்த மஞ்சள், பச்சை, கறுப்புக் கோடு. இடைவெளியே இல்லாமல் பறவை, பூ, குதிரைவீரன், எழுத்துத் துண்டுகள் என அள்ளித் தெளித்த மாதிரி நிரப்பியிருப்பார்கள். ஒன்று மௌனமான பாத்திரம் என்றால் மற்றது சந்தை இரைச்சல். இந்த வகை நிஷாப்பூருக்கே உரியது.

ஒரே ஊரில் எப்படி இவ்வளவு எதிரெதிரான ரசனை? வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் புல்லியட் இதற்குச் சமூகக் காரணம் ஒன்றைச் சொன்னார். அரபு எழுத்துக் கிண்ணங்கள் அரபுக் கல்வியோடு தங்களைச் சேர்த்துப் பார்த்த மேல்தட்டினருக்கு. குதிரைவீரர் தட்டுகள், பிற்பாடு இஸ்லாத்துக்கு வந்த, பழைய இரானிய மரபை விடாத மக்களுக்கு என்பது அவருடைய வாதம். கவர்ச்சியான விளக்கம்தான். ஆனால் ஒரே வீட்டுக்காரர் விருந்துக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றுமாக வாங்கியிருக்க மாட்டாரா என்ற கேள்வி எனக்குப் போவதில்லை.

வெள்ளைக்காக ஒரு போட்டி

மேற்கே ஈராக்கில் கதை வேறு வழியில் போனது. அங்கே எல்லாவற்றையும் ஆட்டி வைத்தது சீனா.

பாக்தாத் நகரம் 762-இல் நிறுவப்பட்டது. பாரசீக வளைகுடா வழியாகச் சீனாவோடு கடல் வாணிகம் பெருகியது. அந்த வாணிகத்தின் அளவு என்ன என்பதைக் காட்டியது ஒரு மூழ்கிய கப்பல். இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998-இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் கப்பல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் சேர்த்த, மேற்காசிய முறையில் கட்டிய கப்பல். உள்ளே ஏறத்தாழ 60,000 சீனப் பீங்கான், மண்பாண்டங்கள். அவற்றில் ஒரு கிண்ணத்தில் 826-ஆம் ஆண்டுக்கு நிகரான சீனத் தேதி கீறப்பட்டிருந்தது. இந்தச் சரக்கில் பெரும்பகுதி சாங்ஷா சூளைகளில் செய்த எளிய கிண்ணங்கள். அரசருக்குக் காணிக்கை அனுப்புகிற ரகம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் ஆயிரக்கணக்கில் அடுக்கி, விற்பதற்கென்றே வனைந்த சரக்கு. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அன்றாடக் கிண்ணங்கள் கடல் தாண்டி மொத்த வியாபாரத்தில் போய்க்கொண்டிருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் மேற்காசியர்களின் மனதை உண்மையில் கவர்ந்தது அந்தச் சாங்ஷா கிண்ணம் அல்ல, பால் மாதிரி வெளுத்த சீனப் பீங்கான். ஈராக்கில் அதைச் செய்ய வழியில்லை. அதற்கு வேண்டிய வெள்ளைக் களிமண் அங்கே இல்லை. 1,200 டிகிரிக்கு மேல் போகிற சூளையும் இல்லை. பாஸ்ரா நகரக் குயவர்கள் குறுக்கு வழி ஒன்றைப் பிடித்தார்கள். மெருகில் வெள்ளீயத்தைக் கலந்தார்கள். வெள்ளீயத் துகள்கள் மெருகுக்குள் கரையாமல் மிதந்து ஒளியைத் தடுக்கும், மெருகு ஊடே பார்க்க முடியாத வெள்ளையாகிவிடும். உள்ளே இருப்பது மஞ்சள் மண், பார்ப்பதற்குப் பீங்கான். வடிவத்தையும் சீனக் கிண்ணத்தைப் பார்த்தே விளிம்பு விரிந்ததாக வனைந்தார்கள்.

வெள்ளை கிடைத்ததும் கை சும்மா இருக்கவில்லை. கோபால்ட் நீலத்தால் ஒரு பனையோலை, ஒரு பூ, அல்லது நடுவில் 'கிப்தா' என்று மகிழ்ச்சியைக் குறிக்கும் ஒரு சொல். சுடும்போது நீலம் வெள்ளைக்குள் லேசாகக் கசியும். அந்தக் கசிவையும் அழகாக எடுத்துக்கொண்டார்கள். சீனர்களின் வெள்ளைப் பாத்திரங்கள் பெரும்பாலும் வெறுமையாக வந்தன. அந்த வெறுமையை இவர்கள் எழுதுகிற இடமாகப் பார்த்தார்கள்.

அதே பாஸ்ராவில்தான் இன்னொரு விந்தையும் நடந்தது. பொன்மினுக்கு என்று சொல்லலாம். கண்ணாடிப் பாத்திரங்களில் எகிப்திலும் சிரியாவிலும் முன்பே இருந்த நுட்பம் இங்கே மண்பாண்டத்துக்கு வந்தது. மெருகிட்டுச் சுட்டு முடித்த கிண்ணத்தின் மேல், வெள்ளி, செம்பு ஆகியவற்றின் சேர்மங்களைக் காவி மண்ணோடு அரைத்துத் தீட்டுகிறார்கள். பிறகு இரண்டாவது முறை, குறைந்த சூட்டில், சூளையில் காற்றைக் குறைத்துப் புகை மூட்டிச் சுடுகிறார்கள். உயிர்வளி கிடைக்காத தீ, அந்தச் சேர்மங்களிலிருந்தே உயிர்வளியைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உலோகத் துகள்கள். அவை மெருகின் மேல்தோலுக்குள் தங்கிவிடும். சூளையிலிருந்து எடுத்து மேலே ஒட்டியிருக்கும் மண்ணைத் துடைத்தால் பொன்போல மினுங்கும். நாசிர் குஸ்ரவ் நிறம் மாறுகிறது என்று எழுதியது இந்த நுட்பம் எகிப்துக்குப் போன பிறகு.

தங்கம், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் குடிப்பதையும் நபிமொழிகள் கண்டிக்கின்றன. அதனால்தான் பொன் மாதிரித் தெரிகிற மண்பாண்டத்தைச் செய்தார்கள் என்று பல புத்தகங்களில் படிக்கலாம். நான் அதை முழுதாக ஏற்பதில்லை. பணமும் அதிகாரமும் இருந்தவர்கள் கண்டிப்பையும் மீறி வெள்ளியில் சாப்பிட்டார்கள் என்பதற்குச் சான்றுகள் உண்டு. பணம் இல்லாதவருக்கு நபிமொழி தடுக்கவே வேண்டியதில்லை. மினுக்கு பிடித்திருந்தது, செய்ய முடிந்தது, வாங்க ஆள் இருந்தது. இதுவே போதுமான காரணம். பொன்மினுக்கு அன்றாடப் பாத்திரத்தின் மேல் எல்லையில் நிற்கும் பொருள். இரண்டு முறை சுட வேண்டும், வெள்ளி வேண்டும், சூளையில் ஒரு சிறு தவறு நேர்ந்தால் எல்லாம் வீண். அருங்காட்சியகங்கள் இதற்குத்தான் முதல் அலமாரியைக் கொடுக்கின்றன. அதனாலேயே மற்றவை கண்ணில் படாமல் போகின்றன என்பது என் குறை.

சாம்பல் மெருகின் சிக்கலுக்கும் பதில் வந்தது, கொஞ்சம் தாமதமாக. 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் எகிப்து, சிரியா, இரான் குயவர்கள் களிமண்ணையே ஏறக்குறைய விட்டுவிட்டார்கள். மெருகுக்கு மண் ஒத்துவரவில்லையா, மண்ணை மாற்று! இரானின் காஷான் நகரத்துப் புகழ்பெற்ற குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம் 1301-இல் எழுதி வைத்த குறிப்பில் அதன் கணக்கு இருக்கிறது. பத்துப் பங்கு அரைத்த வெண்படிகக் கல், ஒரு பங்கு கண்ணாடித் தூள், ஒரு பங்கு வெள்ளைக் களிமண். இதில் செய்த உடல் வெளுப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும். சாம்பல் மெருகு இதில் கச்சிதமாக ஒட்டும். டர்க்காய்ஸ் நீலத்துக்குக் கீழே கறுப்பில் மெல்லிய கோடு போட்டாலும் கலங்காது. ஆனால் களிமண் இவ்வளவு குறைந்த மாவு சக்கரத்தில் எளிதில் அடங்காது. அதனால் அச்சில் வார்த்த பாத்திரங்கள் பெருகின.

கூஜாவின் கழுத்துக்குள்ளே

இதுவரை சொன்னதெல்லாம் மெருகிட்டவை. எனக்கு மிகவும் பிடித்தவை மெருகே இல்லாதவை.

எகிப்தின் வெயிலில் மெருகிட்ட கூஜாவில் தண்ணீர் வைத்தால் தண்ணீர் சூடாகவே இருக்கும். மெருகில்லாத மண்கூஜாவில்தான் தண்ணீர் நுண்துளை வழியே கசிந்து, ஆவியாகி, உள்ளிருக்கும் நீரைக் குளிர வைக்கும். மண்பானைத் தண்ணீர் குடித்து வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆக, இங்கே மெருகு தேவையில்லாதது மட்டுமல்ல, கெடுதலும்கூட. நிறமும் பளபளப்பும் போய்விட்டால் அலங்காரத்துக்கு என்ன மிஞ்சும்? துளை மிஞ்சும்.

ஃபுஸ்தாத்தின் கூஜாக்களில் கழுத்தின் அடியில், உட்புறமாக, வட்டமான ஒரு மண் தகடு இருக்கும். பூச்சியும் தூசியும் உள்ளே விழாமலும், சாய்க்கும்போது தண்ணீர் குபுக்கென்று கொட்டாமலும் தடுக்கிற வடிகட்டி அது. வேலைக்கு நாலைந்து துளை போட்டால் போதும். ஆனால் குயவர்கள் மண் காய்வதற்குள் அந்தச் சிறு வட்டத்தில் சல்லடை மாதிரி நுணுக்கமாகத் துளைத்து, அதன் நடுவே மயிலை, மீனை, யானையைச் செதுக்கினார்கள். சிலவற்றில் வலைப்பின்னல் கோலங்கள். சிலவற்றில் எழுத்து. 'பொறுத்தவர் வெல்வார்', 'போதுமென்று இரு, மதிப்புப் பெறுவாய்' என்ற கருத்தில் இரண்டு மூன்று சொற்களே கொண்ட வரிகள்.

இதைப் பார்க்க வேண்டுமென்றால் கூஜாவின் வாய்க்குள் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும். அலமாரியில் வைத்துக் காட்டுகிற அழகு அல்ல. குடிப்பதற்காகக் கூஜாவைத் தூக்குகிற ஒருவர் பார்ப்பார், அவ்வளவுதான். கூஜா மலிவானது, உடைந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குகிற பொருள். மெல்லிய உடல் நொறுங்கிப் போக, கழுத்தும் வடிகட்டியும் குப்பைமேட்டில் தங்கின. ஃபுஸ்தாத் 1168-இல் தீக்கிரையாகி, அதன் பெரும்பகுதி பிறகு கெய்ரோவின் குப்பைமேடாகவே ஆனது. அந்தக் குப்பையிலிருந்து இந்த வடிகட்டிகள் ஏராளமாகக் கிடைத்தன. கெய்ரோவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் இவற்றின் பெரிய தொகுப்பு இருக்கிறது. மெருகு, நிறம், விலை எதுவும் இல்லாமல் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நகரத்தை விட்டு வெளியே வந்தால் இன்னும் எளிய வகைகள் உண்டு. 12-ஆம் நூற்றாண்டிலிருந்து ஜோர்டான், பாலஸ்தீன, சிரியக் கிராமங்களில், சக்கரமே இல்லாமல் கையால் பிசைந்து உருவாக்கிய பானைகளும் கூஜாக்களும் பெருகுகின்றன. அதன் மேல் செம்பழுப்பு, கறுப்பு நிறத்தில் கட்டம், முக்கோணம், குறுக்குக் கோடு என உடல் முழுக்க நிரப்பியிருப்பார்கள். சூளைகூடத் தேவைப்படாத, குறைந்த சூட்டில் சுடுகிற வேலை. வீட்டுப் பெண்களே செய்திருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். நல்ல சக்கரமும் மெருகும் இருந்த நாட்டில் மக்கள் ஏன் 'பின்னால்' போனார்கள் என்று முன்பு எழுதுவார்கள். வீட்டுத் தேவைக்கு வீட்டிலேயே செய்துகொள்வதில் பின்னால் போக என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

எகிப்தை 1250 முதல் 1517 வரை ஆண்ட மம்லூக்குகளின் காலத்துக் கிண்ணங்கள் வேறு ரகம். சிவப்பு மண், வெள்ளைக் களிப்பூச்சு, அதைக் கீறி எடுத்த பெரிய பெரிய எழுத்து, மேலே மஞ்சளும் பழுப்புமான ஈய மெருகு. எழுதியிருப்பது பழமொழி அல்ல, அமீர்களின், அதாவது படைத்தலைவர்களின் பட்டங்கள். கூடவே அவர்கள் வகித்த பதவியைக் காட்டும் சின்னங்கள்: கிண்ணம், வாள், பேனாப்பெட்டி, போலோ மட்டை. அமீரின் பெயர் இருக்கிறதே என்று இவற்றை அரண்மனைப் பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. மண் சாதாரண மண்தான். பெரிய வீட்டின் அடுக்களையில், அமீரின் ஆட்கள் சாப்பிடுகிற பாத்திரம். ஷரஃப் அல்-அப்வானி போன்ற குயவர்கள் இவற்றில் தங்கள் பெயரையும் எழுதி வைத்தார்கள்.

நம் பக்கத்துக்கு வந்த ஒன்றையும் சொல்லிவிடலாம். பாரசீக வளைகுடாப் பகுதியிலிருந்து டர்க்காய்ஸ் மெருகிட்ட பெரிய சாடிகள் கப்பலேறி இந்தியப் பெருங்கடல் முழுக்கப் போயின. சாடி விற்பனைக்கு அல்ல, உள்ளிருக்கும் சரக்குக்காகத்தான் பெரும்பாலும். ஆனாலும் தோளில் கயிறு முறுக்கிய மாதிரி களிமண் பட்டைகளை ஒட்டி அலங்கரித்திருப்பார்கள். இலங்கையில் மன்னாருக்கு அருகே, தேவாரம் பாடிய மாதோட்டத்தில் நடந்த அகழாய்வுகளில் இந்தச் சாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன.

இனி எங்காவது அருங்காட்சியகத்தில் இப்படி ஒரு கிண்ணத்தைப் பார்த்தால் சிலவற்றைக் கவனியுங்கள். உள்ளே நடுவில் மூன்று சிறு வடுக்கள் இருக்கிறதா என்று பாருங்கள். கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சூளையில் அடுக்கும்போது மெருகு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, இடையில் மூன்று கால் கொண்ட மண் தாங்கி வைப்பார்கள். அதன் தடம் அது. ஒரே சுடலில் நிறையச் சுட்ட சரக்கு என்று பொருள். விரிசலின் இருபக்கமும் சிறு துளைகள் இருந்தால், உடைந்த பிறகும் யாரோ தைத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பின்பக்கம் மெருகு பாதியிலேயே நின்றிருந்தால் அது கஞ்சத்தனம் அல்ல, சூளைத் தரையில் ஒட்டாமல் இருப்பதற்காக.

நிஷாப்பூர்க் கிண்ணம் என்று போட்டு, ஒரு கீறல்கூட இல்லாமல் புத்தம்புதிதாக மின்னினால் மட்டும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 20-ஆம் நூற்றாண்டில் வியாபாரிகள் அந்த ஊரில் கண்டபடி தோண்டி, வெவ்வேறு கிண்ணங்களின் ஓடுகளைச் சேர்த்து ஒட்டி, இல்லாத இடத்தில் எழுத்தையும் வரைந்து விற்றிருக்கிறார்கள். ஒட்டுப்போட்ட இடத்தை வெள்ளைச் சாந்தோடு அப்படியே விட்டுவைத்திருக்கிற கிண்ணம்தான் பார்ப்பதற்கு நம்பகமானது.